கேழ்வரகுக் கூழ்: எலும்புக்குக் கால்சியம் சேர்க்கும் முறை

முற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகுதான், அம்மாவின் எலும்புகள் எவ்வளவு மெலிந்திருந்தன என்பது எங்களுக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் பால் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் வரக்காப்பி குடித்து வந்தவர் அவர்.

உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் இதயத் துடிப்பும் தசை இயக்கமும் கெடும் என்பதால், உடல் எலும்பிலிருந்தே எடுத்து ஈடுகட்டிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200.

100 மில்லி பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகிலோ சுமார் 350. ஆனால் கேழ்வரகிலுள்ள ஃபைடிக் அமிலம் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாவைப் புளிக்கவைத்தால் அந்தப் பிடி தளரும். அதனால்தான் கூழை இங்கே சொல்கிறேன்.

மாவு: முழுக் கேழ்வரகை வாங்கிக் கல் அரித்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து மில்லில் அரையுங்கள். மெல்லிய சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடாதீர்கள். கால்சியத்தில் கணிசமான பங்கு தோலில்தான் இருக்கிறது.

முதல் நாள் இரவு: ஒரு கப் மாவை இரண்டரைக் கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். காலையில் லேசான புளிப்பு வாசனை வர வேண்டும். குளிர் காலத்தில் இன்னும் சில மணி நேரம் பொறுத்திருங்கள்.

இரண்டாம் நாள்: கால் கப் நொய்யரிசியை மூன்று கப் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மாவு நிறம் மாறிப் பளபளக்கும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது; ஒட்டினால் இன்னும் வேக வேண்டும். வேகாத கூழ் வயிற்றைக் கெடுக்கும். ஆறியதும் மூடி இரவு முழுக்க வையுங்கள்.

மூன்றாம் நாள் காலை: உப்பும் மோரும் சேர்த்துக் கையால் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுங்கள். ஒருவர் பங்கில் 50 கிராம் மாவும் ஒரு டம்ளர் தயிரைக் கடைந்த மோரும் இருந்தால், 400 மில்லிகிராமுக்கு மேல் கிடைத்துவிடும். முதல் டம்ளரைச் சமைத்தவரே குடிக்கட்டும். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான்.

தொட்டுக்கொள்ள, தோல் நீக்காத கறுப்பு எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவிய முருங்கைக்கீரைப் பொரியல் செய்யுங்கள். பாலக்கீரையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அதிலுள்ள கால்சியம் உடலில் அதிகம் சேராது.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கூழோடு சேர்த்து விழுங்க வேண்டாம். கால்சியம் இரும்பு சேர்வதைத் தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.