பெட்ரோல் மட்டத்தைக் குழாயில் பாருங்கள்

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டியில் ஸ்பார்க் பிளக் கரிபிடித்து வந்தால், பலரும் முதலில் கை வைப்பது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டில்தான். நானும் என் பழைய வண்டியில் மூன்று முறை ஜெட் மாற்றிப் பார்த்தேன். கோளாறோ கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தில் இருந்தது. பெட்ரோல் நிற்க வேண்டிய இடத்துக்கு 4 மி.மீ. மேலே நின்றுகொண்டிருந்தது.

மட்டம் உயர்ந்தால் ஜெட் வழியாகப் பெட்ரோல் ஏற வேண்டிய உயரம் குறைகிறது. கலவையில் பெட்ரோல் கூடிவிடுகிறது. தாழ்ந்தால் கலவை வறண்டு, வேகத்தில் இழுவை போய்விடும். அதனால் மட்டத்தைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

இன்ஜின் ஆறியிருக்கட்டும். திறந்தவெளியாக இருக்கட்டும், அருகில் நெருப்பே கூடாது. வண்டியை நிமிர்த்தி நிறுத்துங்கள். சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும். கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் முனையில் கண்ணாடி போன்ற தெளிவான குழாயைச் செருகி, மறுமுனையை மேலே வளைத்து கார்புரேட்டரை ஒட்டிப் பிடியுங்கள். டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் 'காக்'கைத் திறந்து (இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்கும் காக் என்றால், இன்ஜின் ஓடாமலே பெட்ரோல் விடும் 'பிரைம்' நிலையில் வைத்து), வடிகால் திருகை ஓரிரு சுற்று தளர்த்துங்கள். பெட்ரோல் குழாயில் ஏறி, லேசாக ஆடி, ஓரிடத்தில் நிற்கும். கிண்ணமும் கார்புரேட்டரின் உடலும் சேரும் கோட்டிலிருந்து அது எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்று அளந்து, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். குழாயைத் தாழ்த்திவிட்டு மறுபடி உயர்த்தக் கூடாது. தாழ்த்தும்போது கிண்ணத்திலிருந்து குழாய்க்கு வந்த பெட்ரோல் திரும்பிப் போய், உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அப்படி ஆகிவிட்டால் வடித்துவிட்டுப் புதிதாக அளந்து பாருங்கள்.

மட்டம் தவறென்றால் 'காக்'கை மூடி, பெட்ரோலை வடித்து, கிண்ணத்தைக் கழற்றுங்கள். உடனே வளைக்கப் போகாதீர்கள். முதலில், மிதவை உயர்ந்ததும் பெட்ரோல் வரத்தை மூடும் ஊசி வால்வின் கூம்பு நுனியை நகத்தால் வருடுங்கள். வளையம்போல் தேய்ந்த தடம் நகத்தில் தட்டுப்பட்டால், புது ஊசிதான் மருந்து. மிதவையைக் காதருகில் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை.

இரண்டும் நன்றாக இருந்தால் மட்டுமே ஊசியைத் தள்ளும் மிதவையின் சிறு உலோக நாக்கைத் தொடுங்கள். ஊசியின் பக்கம் வளைத்தால் வால்வு சீக்கிரம் மூடி மட்டம் தாழும். எதிர்ப்பக்கம் வளைத்தால் உயரும். மயிரிழை வளைவு போதும். மிதவையைக் கழற்றி வெளியே வைத்து வளையுங்கள். ஊசியின் மேல் வைத்து அழுத்தினால் நுனி பாழாகும். நாக்கு பிளாஸ்டிக் என்றால் வளைக்க வழியில்லை. பாகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மாட்டியதும் மறுபடி குழாயில் பாருங்கள். பத்து நிமிடம் கழித்தும் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தால் வால்வு மூடவில்லை என்று பொருள். அப்படி வழிந்த வண்டியில் இன்ஜின் ஆயிலையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.