துப்பாக்கிச் சூட்டு ஒத்திகை: திருகோணமலையில் ஒரு கந்தோரில் நடத்தும் விதம்

கந்தோருக்குள் துப்பாக்கிதாரி நுழைந்தால் என்ன செய்வது என்று பழகுவதே இந்த ஒத்திகை. படையினரோடு சேர்ந்து இதை நடத்துவதென்றால் எவரையும் திடுக்கிட வைக்கக் கூடாது. திருகோணமலையில் சூட்டுச் சத்தம் கேட்டே வளர்ந்தவர்கள் பலர். பட்டாசும் வெற்றுத் தோட்டாவும் வேண்டாம், விசில் போதும். நாள், நேரம் எல்லாவற்றையும் ஒரு கிழமைக்கு முன்பே தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுங்கள். பொலிஸுக்கும் பக்கத்துக் கடைகளுக்கும் சொல்லுங்கள். மனம் ஒப்பாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

உண்மையான ஆயுதமும் தோட்டாவும் வாசலுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். உள்ளே நிறமடித்த பிளாஸ்டிக் மாதிரி மட்டும். இரண்டு பேர் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். தேத்தண்ணிக்கு வெளியே போய்த் திரும்பியவரையும் மறுபடி சோதியுங்கள், பிழை நுழைவது அங்கேதான். "நிறுத்து" என்று எவர் சொன்னாலும் எல்லாரும் நிற்க வேண்டும்.

முதல் சுற்றை நடந்தே பழகுங்கள். பின்கதவுப் பூட்டின் திறப்பு யாருடைய லாச்சியில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். சுனாமி ஒத்திகையில் பழகிய ஒன்றுகூடும் இடம் இதற்குச் சரிவராது. திறந்த வெளியில் கூடாமல், கட்டடம் மறைக்கும் பக்கமாக விலகிப் போக வேண்டும்.

வெளியேற வழியில்லாவிட்டால் அறையைப் பூட்டி, லைட்டை அணைத்து, போனின் அதிர்வையும் நிறுத்துங்கள். உட்பக்கம் திறக்கும் கதவுக்கு அலுமாரியைத் தள்ளலாம். வெளிப்பக்கம் திறப்பதென்றால் அலுமாரியால் பயனில்லை, கைபிடியைக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். கதவுக்கு நேரே எவரும் இருக்கக் கூடாது. பலகைத் தடுப்பு ஆளை மறைக்கும், குண்டை மறிக்காது.

1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பாடசாலையில் சிறப்புப் படைக்காகக் காத்திருந்ததில் நேரம் போனது. அதன்பின், முதலில் வரும் பொலிஸாரே நேராகத் துப்பாக்கிதாரியிடம் போகும் முறை வந்தது. காயப்பட்டவரைத் தாண்டித்தான் போவார்கள். அப்படி வருபவர்களைப் பிடித்து இழுக்காமல் இருப்பதையும் பழக வேண்டும். போனைக் கீழே போட்டு, விரல்களை விரித்துக் கைகளை உயர்த்துங்கள். பதற்றத்தில் கட்டளை சிங்களத்திலும் வரலாம்: "அத் உஸ்ஸன்ன" என்றால் கையை உயர்த்து.

அம்புலன்ஸ் வரும்வரை இரத்தத்தை நிறுத்த வேண்டியது பக்கத்தில் இருப்பவர்தான். காயத்தை முழுப் பலத்தோடு அழுத்துங்கள். கையிலோ காலிலோ பீறிட்டால், 4 சென்றிமீற்றருக்குக் குறையாத அகலத்தில் சாரத்தைக் கிழித்து, காயத்துக்கு 5 முதல் 7 சென்றிமீற்றர் மேலே, மூட்டில் படாமல் கட்டி, தடியைச் செருகித் திருகுங்கள். வயரால் கட்ட வேண்டாம், அது தசையை வெட்டும். காயப்பட்டவர் கத்துகிறார் என்று பாதியில் விடுவதுதான் வழக்கமான தவறு. இரத்தம் நிற்கும்வரை திருகி, நேரத்தை எழுதுங்கள், பிறகு தளர்த்த வேண்டாம். ஒத்திகையில் ஆளுக்குப் பதிலாகச் சுருட்டிய துவாயில் திருகிப் பழகுங்கள்.

119 பொலிஸுக்கு, 1990 அம்புலன்ஸுக்கு. இடத்தையும் எந்த வாசல் என்பதையும் முதலில் சொல்லப் பழகுங்கள்.

முடிந்ததும் எவரையும் உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தேத்தண்ணி கொடுத்து, எந்தக் கதவு இறுகியது, யாருக்கு விசில் கேட்கவில்லை என்று கேட்டு எழுதுங்கள். பின்கதவுப் பூட்டை அன்றைக்கே மாற்றி, உள்ளிருந்து திறப்பில்லாமல் திறக்கும் தாழ்ப்பாளைப் போடுங்கள்.