வீட்டுத் தண்ணீர்க் குழாய்களை மாற்றும்போது பணம் கசியும் இடங்கள்

பழைய குழாய்களை மாற்றலாம் என்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது எந்த பைப் மீட்டருக்கு என்ன விலை என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதன் முறை கடைசியில்தான் வரும். சுவருக்குள் போகும் வேலையில் பைப்பின் விலை சிறு பங்கு. காடி (பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்) வெட்டும் கூலி, டைல்ஸ் உடைத்துத் திரும்பப் பதிப்பது, பூச்சு, ஈரம் இறங்காமல் தடுக்கும் பூச்சு, பெயின்ட், இடிபாட்டை அள்ளுவது இவைதான் பெருஞ்செலவு. பைப்பில் மிச்சம் பிடித்துவிட்டு அதே சுவரை இரண்டாம் முறை உடைக்கிற வீட்டில்தான் நஷ்டம் அதிகம். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் அப்படி முடிபவை.

மாற்ற வேண்டியதா என்று பார்க்காமலே மாற்றுவது

தண்ணீர் மெலிதாக வருகிறது என்றதும் வீடு முழுக்க பைப்பைக் குறை சொல்ல வேண்டாம். குழாய் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். தொட்டியடியிலுள்ள கேட் வால்வைப் பாருங்கள். உள்ளே கதவு கழன்று பாதியில் விழுந்திருக்கும், வெளியே கைப்பிடி மட்டும் ஒழுங்காகச் சுற்றும். தொட்டி வாயில் சேறு படிந்திருக்கலாம். இவை மூன்றும் சரியாக இருந்து, தொலைவிலுள்ள குழாயில் 10 லிட்டர் வாளி நிரம்ப மட்டும் மற்றக் குழாய்களைவிடப் பல மடங்கு நேரம் ஆனால், அந்த லைன் உள்ளே அடைத்திருக்கிறது.

ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப்பில், பூச்சு கரைந்து போன பிறகு இரும்பு துருப்பிடித்து, துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து துவாரத்தைக் குறுக்கும். வெந்நீர் லைன் முதலில் போகும். கசிவு பழுதுபார்க்கும்போது வெட்டிய துண்டைக் கையில் வாங்கிக் குறுக்காகப் பார்த்தால் மற்ற பைப்பின் நிலையும் தெரிந்துவிடும். துவாரம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் இனி ஒட்டுப் போடுவது வீண். பைப்பின் சுவர் மிக மெலிந்த இடம் மரை வெட்டிய இடம். ஒரு மூட்டில் ரெஞ்சு போட்டுத் திருகினால் அடுத்த மூட்டின் மரை அசைந்து, சில வாரங்களில் அங்கே ஒழுகும். ஒரே லைனில் இரண்டாம் கசிவு வந்துவிட்டால் அந்த லைனை முழுதாக மாற்றுவதுதான் மலிவு.

மிகப் பழைய கட்டடத்தில் சுரண்டினால் வெள்ளியாய்ப் பளபளக்கும் மெத்தென்ற குழாய் இருந்தால் அது காரீயமாக இருக்கலாம். அதில் பாதியை மட்டும் மாற்றுவது தவறு. வெட்டும்போது அசைந்த காரீயத் துகள் சில காலம் தண்ணீரில் முன்னைவிட அதிகமாகவே கலக்கும்.

அரை இன்ச்சுக்கு அரை இன்ச்

இதுதான் அதிகம் நடக்கும் தவறு, அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான். அரை இன்ச் ஜி.ஐ. பைப்பின் உள்விட்டம் சுமார் 16 மில்லிமீட்டர். அரை இன்ச் சி.பி.வி.சி. (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பில், எஸ்.டி.ஆர். (சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண்) 11 வகையில், வெளிவிட்டம் 15.9, உள்விட்டம் ஏறக்குறைய 12.5 மில்லிமீட்டர்தான். பெயர் ஒன்று, துவாரத்தின் பரப்பு 40 சதவீதம் குறைவு. பி.பி.ஆர். (உருக்கி இணைக்கும் பிளாஸ்டிக்) பைப்பில் 20 என்று அச்சிட்டிருப்பதே வெளிவிட்டம். தடிமன் கூடிய பி.என். (தாங்கும் அழுத்தத்தைக் குறிக்கும் எண்) 20 வகையில் உள்ளே 13.2தான் மிஞ்சும். பழைய அரை இன்ச் ஜி.ஐ.க்கு நேரான மாற்று பி.பி.ஆரில் 25, சி.பி.வி.சி.யில் முக்கால் இன்ச்.

மேல்நிலைத் தொட்டியை நம்பியிருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் உடனே தெரியும். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே, பைப்பின் உராய்வுக்கு விட்டுக்கொடுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. ஓட்டம் அதேயாக இருக்க, விட்டம் பாதியானால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். அதனால் தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மை லைனில் ஒரு அளவு கூட்டியே போடுங்கள். கடைசி ஒரு மீட்டர் மட்டும் சிறியதாகலாம். இந்தக் கூடுதலை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு பிரஷர் பம்ப் வாங்குகிறார்கள், அதற்குக் கரண்டும் கட்டுகிறார்கள்.

தொட்டி வாயில் வால்வுக்கு அடுத்து ஒரு காற்றுக்குழாய் வைத்து, அதன் முனையைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றிவிட வேண்டும். இது இல்லாத லைனில் தொட்டி ஒருமுறை காலியானால் காற்று அடைத்துக்கொள்ளும். புது பைப் போட்டும் தண்ணீர் வரவில்லையே என்ற புகார் பல இடங்களில் இந்தச் சிறு துண்டு இல்லாததால்தான்.

பழைய தடத்திலேயே போடுவது

பழைய பைப்பைப் பிடுங்கி எடுத்துவிட்டு அதே காடியில் புதியதை வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிடுங்குவதற்குத்தான் டைல்ஸ் போகிறது. தண்ணீரை வடித்து, இரு முனைகளையும் வெட்டி மூடி போட்டுவிட்டால் பழையது சுவருக்குள் கிடந்துவிட்டுப் போகட்டும். புதிய லைனை வெளிச்சுவர் வழியாகவோ பொய்க் கூரைக்கு மேலாகவோ கொண்டுபோய், ஒவ்வொரு குழாய்க்கும் மேலிருந்து நேராக இறக்கினால் உடைப்பு பாதியாகக் குறையும். வெயில் படும் இடத்தில் பிளாஸ்டிக் பைப்பைத் திறந்தபடி விடக்கூடாது. பெக்ஸ் (வளையும் பிளாஸ்டிக்) பைப்புக்கு வெயில் ஆகவே ஆகாது. சி.பி.வி.சி.க்கு நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் அடிக்கலாம், எண்ணெய் பெயின்ட் கூடாது.

காடி வெட்டியே ஆக வேண்டிய இடத்திலும் அளவு உண்டு. செங்குத்துக் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. 115 மில்லிமீட்டர் செங்கல் சுவரில் இது 38, 19 என்று வருகிறது. எல்போவும் (வளைவுத் துண்டு) டீயும் (மூன்று வழித் துண்டு) வரும் இடங்களில் 19 போதாது, அதனால் மெல்லிய சுவரில் பைப்பைப் படுக்கையாக ஓட்டவே வேண்டாம். தூண், பீம் இரண்டிலும் வெட்டவே கூடாது.

பைப்பை அளந்து, மற்றதை எண்ணாமல் விடுவது

ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். வாஷ்பேசினுக்கு 2, ஷவர் மிக்சருக்கு 2, கீசருக்கு 2, ஃபிளஷ் டேங்குக்கு 1, தனிக் குழாய் 1, ஆக 8 பாயிண்ட். ஒவ்வொன்றுக்கும் பித்தளை மரை வைத்த எல்போ ஒன்று, டீ ஒன்று, சாதா எல்போ இரண்டு மூன்று. அத்துடன் குளிர் லைனிலும் வெந்நீர் லைனிலும் தனித்தனி பால் வால்வு (தண்ணீரை அடைக்கும் வால்வு), யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), ரெட்யூசர் (அளவு குறைக்கும் துண்டு), கிளாம்ப். பித்தளை வைத்த ஃபிட்டிங் சாதா எல்போவைவிடப் பல மடங்கு விலை. பைப் நீளத்தை மட்டும் வைத்துப் போட்ட எஸ்டிமேட் தவறுவது இங்கேதான். ஒரு தாளில் கோட்டுப்படம் வரைந்து, வளைவு வளைவாக எண்ணி, பைப்பில் 10 சதவீதம் சேதாரம் சேர்த்தால் கணக்கு ஓரளவு நிற்கும். செலவைக் குறைக்க பால் வால்வை விட்டுவிடாதீர்கள். பிறகு ஒரு வாஷர் மாற்றுவதற்கும் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கும்.

வெந்நீரும் மூட்டுகளும்

யு.பி.வி.சி. (சாதா கெட்டி பி.வி.சி.) குளிர்ந்த நீருக்கு மட்டும். வெந்நீர் லைனில் அதைப் போட்டால் தளர்ந்து வளையும். சி.பி.வி.சி. 82 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஆனால் அந்தச் சூட்டில் அதன் அழுத்தத் தாங்குதிறன் 23 டிகிரியில் உள்ளதில் கால்வாசிதான். பைப் நீளுவதையும் மறக்கக்கூடாது. சி.பி.வி.சி. லைன் 10 மீட்டர் நீளம் இருந்து 40 டிகிரி சூடேறினால் சுமார் 25 மில்லிமீட்டர் நீளும். இரு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த ஓர் அங்குலம் எல்போவில்தான் வெடிப்பாக வெளிவரும்.

யு.பி.வி.சி. பசையை சி.பி.வி.சி. மூட்டில் தடவுவது, பைப்பைச் செருகியபின் கால் சுற்று திருப்பாமலும் சில நொடி பிடித்திராமலும் கையை எடுப்பது, அன்றே தண்ணீர் திறந்துவிடுவது, மூன்றும் வழக்கமாகப் பார்க்கிற கோளாறுகள். மரைக்கு டெஃப்லான் டேப் போதும். எண்ணெய் சேர்ந்த மரைப் பசையும் கிரீசும் சி.பி.வி.சி.யில் மெல்ல நுண்வெடிப்பு உண்டாக்கும். பி.பி.ஆரில் வேறு வகைத் தவறு. வெல்டிங் மெஷின் 260 டிகிரியில் இருக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் பைப்புக்கு 5 நொடி, 25க்கு 7 நொடி போதும். கூடுதலாக உருக்கினால் உள்பக்கம் வளையமாகத் திரண்டு துவாரத்தை அடைக்கும். வெளியே பார்க்க மூட்டு அழகாகவே இருக்கும்.

செம்பு பைப்பை ஜி.ஐ.யுடன் நேராக இணைத்தால் இரும்பு விரைவில் அரித்துப்போகும், இடையில் மின்தொடர்பைத் துண்டிக்கும் யூனியன் வேண்டும்.

ஒரு விஷயம் பிளம்பருக்கு நினைவுக்கு வராது. பழைய வீடுகளில் மின் எர்த் கம்பியை உலோகத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அந்தக் குழாய் பிளாஸ்டிக் ஆனதும் எர்த் அறுந்துபோகிறது, கீசர் உள்ள வீட்டில் இது உயிருக்கே ஆபத்து. வேலை தொடங்கும் முன் எலக்ட்ரீஷியனை ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள்.

கொட்டேஷனில் எழுதாமல் விடுவது

மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்தால் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்பது சண்டையில்தான் தெரியும். பைப்பின் வகை, எஸ்.டி.ஆர். அல்லது பி.என். எண், எத்தனை பாயிண்ட், எத்தனை வால்வு, காடியைப் பூசி மூடுவது யார், டைல்ஸ் யார் பொறுப்பு, இடிபாடு யார் அள்ளுவது, எல்லாம் எழுத்தில் வேண்டும். கூடுதல் பாயிண்ட் வந்தால் ஒன்றுக்கு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சுவரைத் திறந்த பிறகு பேரம் பேசும் பலம் நமக்கு இருக்காது. எதிர்பாராத செலவுக்கு 15 முதல் 20 சதவீதம் ஒதுக்குவது அதிகம் இல்லை.

பணத்தின் கடைசித் தவணையை டெஸ்ட்டோடு கட்டிவையுங்கள். பூச்சுக்கு முன், பசை மூட்டுகள் ஒருநாள் காய்ந்த பிறகு, கைப்பம்ப் வைத்து லைனை வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு ஏற்றி 2 மணி நேரம் விட வேண்டும். பி.பி.ஆரும் பெக்ஸும் முதலில் சற்று விரிவதால் அழுத்தமானியின் முள் கொஞ்சம் இறங்கும், அதை மீண்டும் ஏற்றிவிட்டுத்தான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். டெஸ்ட் தண்ணீரில் மட்டுமே செய்யுங்கள். பிளாஸ்டிக் லைனில் காற்றடித்து, ஒரு மூட்டு விட்டால் துண்டுகள் தெறித்துக் காயப்படுத்தும்.

முள் நின்றதும், மூடும் முன்பே, ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை விரித்துப் பிடித்து போட்டோ எடுத்துவையுங்கள். நாளைக்கு அலமாரி மாட்ட டிரில் போடுபவருக்கு அது தேவைப்படும். ஷவர், குழாய்ச் சல்லடை எல்லாவற்றையும் மாட்டுவதற்கு முன் லைனைத் திறந்து, சீவல், மண், பசை வாடை போகும்வரை தண்ணீரை ஓடவிடுங்கள். தொட்டியை அதற்கு முந்தின நாளே கழுவி வைத்திருக்க வேண்டும்.