ஹெச்பி குறைந்த ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்களைப் படிப்பது எப்படி?

குமாரபாளையத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். விசைத்தறி ஊர். ஹெச்பி (ஹீமோகுளோபின்) எட்டு, ஒன்பது என்று வரும் பெண்கள் ரிப்போர்ட்டை வாங்கியதும் கேட்பது இதைத்தான்: "ஏனுங்க அக்கா, ரத்தம் கம்மின்னா வெள்ளை அணுவும் கம்மியாத்தான் இருக்குமுங்களா? அதான் சளி விடவே மாட்டேங்குதா?" மருந்து எழுதுவது டாக்டர் வேலை. தாளைப் படிக்க நான் சொல்லித் தருகிறேன்.

வெள்ளை அணு வரிக்கு அப்புறம் போகலாம். குறைவது இரும்புதானா என்று முதலில் பாருங்கள். பெண்களுக்கு ஹெச்பி 12-க்குக் கீழ் (கர்ப்பிணிக்கு 11, ஆண்களுக்கு 13), எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழ், ஆர்.டி.டபிள்யூ. (சிவப்பணுக்களுக்குள் அளவு வித்தியாசம்) 15-ஐத் தாண்டியிருப்பது, பிளேட்லெட் சற்றுக் கூடியிருப்பது எல்லாம் சேர்ந்து வந்தால் இரும்பைச் சந்தேகிக்கலாம். எம்.சி.வி.யை ஆர்.பி.சி. (சிவப்பணு) எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா ட்ரெய்ட்டாகவும் (பரம்பரையாக வரும் லேசான ரத்தக் குறைபாடு) இருக்கலாம். உறுதி செய்ய, உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட்: 15-க்குக் கீழ் என்றால் சந்தேகமே இல்லை. காய்ச்சலோடு வந்து ஃபெரிட்டின் எடுக்காதீர்கள். கிருமி இருக்கும்போது அந்த எண் பொய்யாக ஏறி நிற்கும்.

இப்போது ஒரு மாதிரி ரிப்போர்ட். ஹெச்பி 8.6, ஆர்.பி.சி. 4.2, எம்.சி.வி. 68, ஆர்.டி.டபிள்யூ. 18.5, பிளேட்லெட் 4.9 லட்சம், டோட்டல் கவுன்ட் (மொத்த வெள்ளை அணு) 5,200. வெள்ளை அணுக்களை வகைவாரியாகச் சதவீதத்தில் பிரித்துக் காட்டும் டி.சி.யில் நியூட்ரோபில் 58, லிம்போசைட் 27, ஈசினோபில் 12, மோனோசைட் 3.

டோட்டல் கவுன்ட் 4,000-க்கும் 11,000-க்கும் நடுவில்தான் இருக்கிறது. இரும்பு மட்டும் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும். "அப்ப எதிர்ப்பு சக்தி நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். அங்கேதான் தாள் ஏமாற்றும். தறிப்பட்டறைக்கு ஆள் எல்லாம் வந்தாச்சு, நூல் வரவில்லை என்றால் எப்படியோ, அப்படி. நியூட்ரோபில் கிருமியை விழுங்கியபின் கொல்வதற்கு வைத்திருக்கும் முக்கியமான நொதி மைலோபெராக்சிடேஸ். இரும்பு இல்லாமல் அது உருவாகாது. (சீழுக்குப் பச்சை நிறம் வருவதும் இதனால்தான்.) லிம்போசைட்டுக்கும் அதே கதை: கிருமியைக் கண்டதும் அது பலவாகப் பெருக வேண்டும், அதற்கு டி.என்.ஏ. செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும். மெஷின் அணுக்களை எண்ணிக் கொடுக்கும். அவை எப்படி வேலை செய்கின்றன என்பது எந்த சி.பி.சி.யிலும் (ரத்த அணுக்களை எண்ணும் இந்த டெஸ்ட்) வராது.

என் கண் முதலில் போவது ஈசினோபிலுக்கு. சதவீதத்தோடு நிறுத்தாமல் டோட்டல் கவுன்ட்டோடு பெருக்குங்கள்: 5,200-இல் 12 சதவீதம் 624. ஐந்நூறைத் தாண்டினால் அதிகம். அலர்ஜி, ஆஸ்துமாவிலும் இது ஏறும். ஆனால் இரும்புக் குறைவோடு சேர்ந்து வந்தால் கொக்கிப்புழு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். செருப்பில்லாமல் காடு தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குக் கால் தோல் வழியாக உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு. ஒரு வகைக் கொக்கிப்புழு ஒன்றே நாளைக்கு 0.2 மில்லி வரை குடிக்கும். புழு உள்ளே இருக்கும்வரை மாத்திரை ஒரு பக்கம் ஏற்ற, ரத்தம் இன்னொரு பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும். மலப் பரிசோதனை கேளுங்கள். கூச்சப்பட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுப்பவர்கள்தான் இங்கே அதிகம்!

நியூட்ரோபிலையும் இதே மாதிரி பெருக்கிப் பாருங்கள். 1,500-க்குக் கீழே போனால் பழியை இரும்பின் மேல் மட்டும் போட்டுவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். பி12 குறைவு, வைரஸ் காய்ச்சல், சில மருந்துகள் எல்லாம் இதைச் செய்யும். ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். உட்கருவில் ஐந்தாறு மடலோடு நியூட்ரோபில்கள் தெரிந்தால் பி12, ஃபோலிக் அமிலம் பக்கம் போக வேண்டும். ஹெச்பி, வெள்ளை அணு, பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து இறங்கியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

எதிர்ப்பு சக்திக்கென்று ரிப்போர்ட் இல்லாமலே இரும்பு மாத்திரை விழுங்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம். கிருமிக்கும் இரும்பு வேண்டும். அதனால்தான் காய்ச்சல் வந்தால் உடம்பே இரும்பை ஒளித்து வைக்கிறது. ஆப்பிரிக்காவில் தான்சானியாவைச் சேர்ந்த, மலேரியா அதிகமிருந்த பெம்பா தீவில் சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பும் கூடின. 2006-இல் வெளியான முடிவு அது.

டாக்டர் எழுதியிருந்தால் விடாமல் சாப்பிடுங்கள். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம். ஒரு மாதம் கழித்து அதே லேபில் சி.பி.சி. எடுங்கள், பழைய தாளையும் கொண்டு வாருங்கள். ஹெச்பி ஒன்றிரண்டு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாதவிடாய்ப் போக்கு, மூலம், குடல் புண் என்று ரத்தம் எங்கே போகிறது என டாக்டர் தேடுவார்.