நட்சத்திர பேட்டரை விற்பதா, வைத்துக்கொள்வதா: பேஸ்பால் அணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு பெரிய பேட்டரின் ஒப்பந்தம் முடியப்போகிறது என்றால், அவரை வேறு அணிக்கு டிரேட் செய்யலாமா, அதாவது பதிலுக்கு அந்த அணியின் வீரர்களை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாமா என்ற பேச்சு ஜூலை கடைசியில்தான் சூடு பிடிக்கும். அதற்குள் அவர் விலையில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும். இந்த முடிவைச் சரியாக எடுத்த அணிகள் அனேகமாக எல்லாமே ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ முன்பே கணக்குப் போட்டவை. மாட்டிக்கொண்ட அணிகள் ஒப்பந்தத்தின் கடைசி ஜூலை வரை தள்ளிப்போட்டவை.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். மேஜர் லீகில் எல்லா வீரர்களையும் சேர்த்து ஏலம் விடும் முறை கிடையாது. ஒரு வீரர் மேஜர் லீகில் 6 ஆண்டு சேவை முடிக்கும்வரை அவர்மீது அணிக்கு உரிமை உண்டு. முதல் 3 ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம், அடுத்த 3 ஆண்டு மூன்றாம் தரப்பு நடுவர் முறையில் ஏறும் சம்பளம். அதன்பின் நீண்டகால ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால் அவர் ஃப்ரீ ஏஜென்ட். யாரோடு வேண்டுமானாலும் கையெழுத்திடலாம். பழைய அணிக்கு விலை என்று ஒரு காசு வராது. ஆகவே டிரேடில் கைமாறுவது அவரது திறமை மட்டுமல்ல, அந்தத் திறமைமீது மிச்சமிருக்கும் உரிமைக் காலம்.

நாட்களை எண்ணாமல் இருப்பது

சேவைக் கணக்கில் ஓர் ஆண்டு என்பது 172 நாள். சீசன் அதைவிட இரண்டு வாரம் நீளம். 2015-ல் சிகாகோ கப்ஸ் அணி கிறிஸ் பிரையன்டைத் தொடக்க நாட்களில் கீழ்நிலையான மைனர் லீகிலேயே வைத்திருந்தது. அந்த ஆண்டு அவர் கணக்கில் ஏறியது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆவது 2020 முடிவிலிருந்து 2021 முடிவுக்குத் தள்ளிப்போனது. வீரருக்கு இது நியாயமா என்பது வேறு கேள்வி. நியாயமில்லை என்றுதான் சொல்வோம். ஆனால் அந்தக் கூடுதல் ஆண்டு இருந்ததால்தான் 2021 ஜூலையில் அவரை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு டிரேட் செய்ய கப்ஸால் முடிந்தது.

இதே கணக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 10 ஆண்டு சேவையும், அதில் கடைசி 5 ஆண்டு ஒரே அணியிலும் முடித்தவர் எந்த டிரேடையும் மறுக்கலாம். சிலர் ஒப்பந்தத்திலேயே இன்னின்ன அணிக்குப் போகமாட்டேன் என்று எழுதி வைத்திருப்பார்கள். பேரம் முடிந்தபின் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பிரயோசனமில்லை. 2022-ல் ஹுவான் சோட்டோ டிரேடில் சான் டியாகோ வாஷிங்டனுக்கு அனுப்ப நினைத்த எரிக் ஹாஸ்மர், தன் ஒப்பந்தத்தில் எழுதியிருந்த இந்த உரிமையைக் காட்டி மறுத்தார். கடைசி நேரத்தில் அவருக்குப் பதில் லூக் வாய்ட் சேர்க்கப்பட்டார்.

கடைசி ஜூலைவரை காத்திருப்பது

பெரிய தவறு இதுதான். ஜூலை இறுதியில் வாங்கும் அணிக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு சீசன். ஆண்டுக்கு 5 வெற்றி கூட்டித் தரக்கூடிய பேட்டர் என்றாலும் மிச்சமுள்ள இரண்டு மாதத்தில் அவர் தருவது ஒன்றரை வெற்றிக்குச் சற்று மேல், கூடவே அக்டோபர் பிளே-ஆஃப் ஆட்டங்கள். அதற்கு மேல் எந்த அணியும் அள்ளிக் கொடுக்காது.

மார்க் டெக்ஷேரா ஒரே ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை ஜூலை இறுதியில் விற்கப்பட்டார். 2007-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்தபோது அவர்மீதான உரிமை அந்த சீசனின் மிச்சத்தோடு 2008 முழுவதுக்கும் இருந்தது. பதிலுக்கு ஐந்து இளம் வீரர்கள் வந்தார்கள்: எல்விஸ் ஆண்ட்ரூஸ், நெஃப்டாலி ஃபெலிஸ், மேட் ஹாரிசன், ஜேரட் சால்ட்டலமாக்கியா, போ ஜோன்ஸ். 2010-லும் 2011-லும் ரேஞ்சர்ஸ், மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் பட்டம் வென்றபோது ஆண்ட்ரூஸ் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்), ஃபெலிஸ் கடைசி இன்னிங்ஸ் பிட்சர். 2008 ஜூலையில் அட்லாண்டா அதே டெக்ஷேராவை ஏஞ்சல்ஸுக்கு விற்றது. மிச்சம் இரண்டே மாதம். கிடைத்தது கேசி கோட்ச்மனும் ஒரு மைனர் லீக் பிட்சரும். ஆள் அவரேதான், ஆட்டத்திலும் குறையில்லை. குறைந்தது நாட்காட்டி மட்டும்.

அந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. டெக்ஷேரா ஃப்ரீ ஏஜென்டாக யாங்கீஸுக்குப் போனதும், ஏஞ்சல்ஸுக்கு இழப்பீடாக யாங்கீஸின் டிராஃப்ட் வாய்ப்பு (புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பதில் ஓர் இடம்) வந்தது. அந்த 25-வது இடத்தில் 2009-ல் அவர்கள் எடுத்தது மைக் ட்ரவுட்டை. இதைச் சொல்லி இன்றும் ஜூலை பேரத்தில் விலையை உயர்த்தப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த விதி இப்போது இல்லை. 2012-ல் வந்தது குவாலிஃபையிங் ஆஃபர் முறை: ஃப்ரீ ஏஜென்ட் ஆகப்போகும் வீரருக்கு அணி ஓராண்டு ஒப்பந்தம் நீட்டும், அவர் அதை மறுத்து வேறு அணிக்குப் போனால் டிராஃப்டில் இழப்பீடு கிடைக்கும். இதன்படி, முழு சீசனும் தன்னிடம் ஆடிய வீரருக்கு மட்டுமே ஓர் அணி அந்த ஆஃபரைக் கொடுத்து இழப்பீடு பெற முடியும். சீசன் நடுவில் வாங்கியவருக்கு அது கிடையாது.

ஆகவே நல்ல விலைக்குரிய நேரம், ஓர் ஆண்டு உரிமை மிச்சமிருக்கும் குளிர்காலம். வாங்கும் அணிக்கு முழு சீசன் ஆட்டம் கிடைக்கும், முடிவில் இழப்பீட்டு உரிமையும் உண்டு. அதோடு வேறு யாரும் குறுக்கே வராமல் நீண்டகால ஒப்பந்தம் பேச மாதக்கணக்கில் அவகாசம். 2018 டிசம்பரில் பால் கோல்ட்ஷ்மிட்டை வாங்கிய செயின்ட் லூயிஸ் அடுத்த மார்ச்சிலேயே 13 கோடி டாலருக்கு ஒப்பந்தம் முடித்தது. 2021 ஜனவரியில் ஃபிரான்சிஸ்கோ லின்டோரை வாங்கிய மெட்ஸ், சீசன் தொடங்கும் தருணத்தில் 34.1 கோடி டாலருக்கு முடித்தது. லின்டோருக்குப் பதிலாக கிளீவ்லண்டுக்கு வந்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரேஸ் ஹிமேனஸ் 2022-ல் ஆல் ஸ்டார் (லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார். அந்த ஆண்டு அணி 92 ஆட்டம் வென்றது.

இன்னும் முன்னால் விற்றால் விலை இன்னும் ஏறும். வாஷிங்டன் நேஷனல்ஸ் 2022 ஆகஸ்ட் 2-ல் சோட்டோவை விற்றபோது இரண்டரை சீசன் உரிமை பாக்கி. 15 ஆண்டுக்கு 44 கோடி டாலர் என்ற ஆஃபரை அவர் மறுத்திருந்தார். வந்தவர்களில் சி.ஜே. ஏப்ரம்ஸ் 2024-ல் ஆல் ஸ்டார். ஜேம்ஸ் வுட்டும் மெக்கென்சி கோரும் 2025-ல் ஆல் ஸ்டார். இவ்வளவுக்குப் பிறகும் 2025-ல் அந்த அணி 96 ஆட்டம் தோற்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு டிரேட் நல்ல வீரர்களைத் தரும். மிச்ச இருபது பேரை அணிதான் தேட வேண்டும்.

வேண்டாத சம்பளத்தைத் தலையில் கட்டுவது

2020 பிப்ரவரியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் மூக்கி பெட்ஸை டாட்ஜர்ஸுக்கு விற்றபோது, கூடவே டேவிட் பிரைஸையும் அனுப்பியது. அந்த பிட்சருக்கு 3 ஆண்டில் 9.6 கோடி டாலர் சம்பளம் பாக்கி. அதில் பாதியை பாஸ்டனே ஏற்றுக்கொண்டது. மொத்தச் சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் லீக்குக்குக் கட்ட வேண்டிய சொகுசு வரியின் கோட்டுக்குக் கீழே இறங்குவதுதான் நோக்கம். அது நிறைவேறியது. ஆனால் வாங்கும் அணி பிரைஸின் பாதிச் சம்பளத்தைச் சுமக்கிறதென்றால், அந்தச் சுமையை பெட்ஸுக்குக் கொடுக்க வேண்டிய இளம் வீரர்களின் தரத்தில் கழித்துக்கொள்ளும். வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். டவுன்ஸ் பாஸ்டனில் நிலைக்கவேயில்லை. பெட்ஸ் அந்த ஜூலையிலேயே டாட்ஜர்ஸுடன் 36.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டு, அதே ஆண்டு இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸும் வென்றார்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. நட்சத்திரத்தைத் தனியாக விற்க வேண்டும். முடிந்தால் அவர் சம்பளத்திலும் ஒரு பங்கைத் தானே கட்ட வேண்டும். ஆண்டுக்கு 2 கோடி டாலர் வாங்கும் பேட்டருக்கு ஜூலை இறுதியில் பாக்கி சுமார் 65 லட்சம். வரிக் கோட்டை ஒட்டி நிற்கும் ஓர் அணிக்கு அந்த 65 லட்சத்தை நீங்கள் கட்டினால், அவர்களுடைய இளம் வீரர் தரப்பட்டியலில் 12-வது ஆளுக்குப் பதில் 5-வது ஆளைக் கேட்கலாம். முதலாளிகள் இதற்குத் தயங்குவார்கள். அதே தரத்தில் ஒரு இளைஞரை வேறு எந்த வழியிலும் அந்தப் பணத்துக்கு வாங்க முடியாது என்பதை அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

தலைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பது

2018 ஜூலையில் பால்டிமோர் மேனி மச்சாடோவை விற்று ஐந்து பேரை வாங்கியது. முதன்மையானவர் என்று எண்ணப்பட்ட யுஸ்னியல் தியாஸ் மேஜர் லீகில் காலூன்றவில்லை. நிலைத்தவர் டீன் கிரேமர் என்ற பிட்சர். மூன்று ஆண்டு கழித்து கப்ஸ் ஹாவியர் பாயெஸை மெட்ஸுக்குக் கொடுத்து வாங்கியது ஒரே ஆளை: பீட் குரோ-ஆர்ம்ஸ்ட்ராங். அவர் அப்போது தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து சீசனை இழந்திருந்தார். காயம் இல்லாதிருந்தால் இரண்டு மாத ஆட்டத்துக்கு மெட்ஸ் அவரை விட்டிருக்க வாய்ப்பு குறைவு. 2025-ல் அவர் 30 ஹோம் ரன்னும் 30 பேஸ் திருட்டும் (பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) தாண்டினார். மருத்துவ அறிக்கையைத் தன் டாக்டர்களிடம் காட்டிச் சரியாக எடைபோடும் அணிக்கு, காயம்பட்ட முதல்தர இளைஞர் ஒரு வாய்ப்பு.

எண்ணிக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அணியின் 40 பேர் பட்டியலில் இல்லாத இளம் வீரர்களை, குறிப்பிட்ட காலம் கடந்ததும், டிசம்பர் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். 18 வயதிலோ அதற்கு முன்போ சேர்ந்தவருக்கு 5 சீசன், அதற்குப்பின் சேர்ந்தவருக்கு 4 சீசன். ஜூலையில் நான்கு பேரை வாங்கி, நால்வருக்கும் அதே நவம்பரில் இடம் ஒதுக்க வேண்டியிருந்தால், ஒருவரையாவது இழக்க நேரலாம். ஒரே தரத்தில் இருவர் இருந்தால், 18, 19 வயதில் கீழ்நிலை லீகில் ஆடுபவரையே கேளுங்கள். டெக்சஸுக்கு வந்த ஆண்ட்ரூஸும் ஃபெலிஸும் அப்படி வந்தவர்கள்தான்.

இரண்டு படகில் கால் வைப்பது

2018-ல் நேஷனல்ஸ் பிரைஸ் ஹார்ப்பரை ஜூலையில் விற்கவில்லை. ஆகஸ்டில் டேனியல் மர்ஃபியையும் வேறு சிலரையும் விற்றது. 82 வெற்றியோடு பிளே-ஆஃப் வெளியே நின்றது. சொகுசு வரிக் கோட்டைத் தாண்டியும் இருந்தது. ஹார்ப்பர் 33 கோடி டாலருக்கு ஃபிலடெல்ஃபியா போனார். வரி கட்டும் அணி என்பதால் கிடைத்த இழப்பீடு, 4-வது சுற்றுக்குப் பிந்தைய ஒரு டிராஃப்ட் வாய்ப்பு.

இந்த இழப்பீட்டு வரிசையை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வருவாய்ப் பகிர்வு பெறும் சிறிய அணி, போகும் வீரர் 5 கோடி டாலருக்கு மேல் கையெழுத்திட்டால், முதல் சுற்று முடிந்ததும் ஒரு வாய்ப்பு. நடுத்தர அணிக்கு 3-வது சுற்றுக்குச் சற்று முன். வரி கட்டும் அணிக்கு 4-வது சுற்றுக்குப் பின். வைத்துக்கொள்வதன் குறைந்தபட்ச மதிப்பு இதுதான். இதற்குக் கீழே யாராவது விலை சொன்னால் மறுத்துவிடலாம்.

2023-ல் ஏஞ்சல்ஸ் ஷோஹெய் ஒட்டானியை விற்பதில்லை என்று முடிவெடுத்து, இருந்த நல்ல இளைஞர்களையும் கொடுத்து இரண்டு பிட்சர்களை வாங்கியது. ஆகஸ்டில் சரிந்தது. மாத இறுதியில், வாங்கிய அதே பிட்சர்கள் உட்பட ஆறு பேரை வரிக் கோட்டுக்குக் கீழே இறங்குவதற்காக வேய்வரில் (வேறு அணிகள் பதிலுக்கு எதுவும் தராமல் எடுத்துக்கொள்ளக்கூடிய பட்டியலில்) போட்டது. 73 வெற்றி, 89 தோல்வி. ஒட்டானி 70 கோடி டாலருக்கு டாட்ஜர்ஸ் போனார். வைத்துக்கொண்டதைவிட, நலிந்த அணியைச் சுற்றி இளைஞர்களை வாரி இறைத்ததே பெரிய இழப்பு.

விற்காததையே தவறென்று நினைப்பது

அக்டோபரில் ஆடும் நியாயமான வாய்ப்பு இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 2022 முதல் 12 அணிகள் பிளே-ஆஃப் போகின்றன. 2023-ல் 84 ஆட்டம் மட்டுமே வென்ற அரிசோனா வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. 2021-ல் அட்லாண்டாவுக்கு ஆகஸ்ட் தொடக்கம்வரை வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவேயில்லை. ஃப்ரெடி ஃப்ரீமனின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்தது. அவரை விற்காமல் நான்கு அவுட்ஃபீல்டர்களைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பட்டம் வென்றார்கள். ஃப்ரீமன் போனபோது, 2022 மார்ச்சில் நான்கு இளைஞர்களைக் கொடுத்து மேட் ஓல்சனை வாங்கி உடனே நீண்ட ஒப்பந்தமும் போட்டார்கள். மாற்று ஆள் யார் என்று தெரிந்துகொண்டு வைத்திருப்பதுதான் சரியான வைத்திருப்பு.

டொரான்டோவும் அப்படித்தான். 2024-ல் 74 வெற்றியோடு பிரிவில் கடைசி. விளாடிமிர் கெரேரோ ஜூனியர்மீது ஒரே ஆண்டு உரிமை பாக்கி. விற்கச் சொல்லாதவர்கள் குறைவு. 2025 ஏப்ரலில் 14 ஆண்டுக்கு 50 கோடி டாலர் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸின் 7-வது ஆட்டம்வரை போனார்கள்.

இப்போது கணக்குப் போடும் அணிகள் கவனிக்க வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது. இன்றைய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. 2027-க்குப் பின் ஃப்ரீ ஏஜென்ட் ஆகப்போகும் பேட்டரை வைத்திருப்பவர்கள், குவாலிஃபையிங் ஆஃபர் இழப்பீடு இதே வடிவில் நீடிக்கும் என்று எழுதி வைத்துக் கணக்குப் போடக்கூடாது. அந்த இழப்பீட்டைப் பூஜ்ஜியமாக வைத்து ஒருமுறையும், இன்றைய விதிப்படி ஒருமுறையும் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த ஜூலையில் வரும் விலையை இரண்டோடும் ஒப்பிட வேண்டும்.