கிரைண்டிங் மெஷினின் காத்திருப்பு தீர்ந்தது

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்துகொடுக்கும் சிறு பட்டறை எங்களுடையது. உலோகத்தைக் கடைய ஒரு லேத், கடைந்ததைத் தேய்த்து முடிக்க ஒரு கிரைண்டிங் மெஷின். லேத்தில் கடைந்த பிறகே எதுவும் கிரைண்டிங்குக்குப் போகும். பெரிய வேலையை முதலில் ஏற்றுவது அப்பா காலத்துப் பழக்கம். அதனால் கிரைண்டிங் பார்க்கும் தம்பி காலை முழுக்கத் துடைத்த மெஷினையே துடைத்துக்கொண்டு, “இன்னும் வரவில்லையா அண்ணா?” என்பான். பிறகு நள்ளிரவு வரை நிற்பான். எனக்கு மனது கேட்கவில்லை.

தீர்வு, எஸ்.எம். ஜான்சன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1954இல் வெளியிட்ட விதியில் இருந்தது. எல்லா வேலைகளுக்கும் இரண்டு மெஷின் நேரத்தையும் எழுதி, ஆகச் சிறிய எண்ணைத் தேட வேண்டும். அது லேத் நேரமானால் அந்த வேலை வரிசையின் முன்னால். கிரைண்டிங் நேரமானால் கடைசியில். அதை அடித்துவிட்டு, மீதி வேலைகளையும் மீதி இடங்களில் அப்படியே நிரப்ப வேண்டும்.

எங்கள் கரும்பலகையில் அன்று இருந்தவை (முதல் எண் லேத் மணி நேரம், அடுத்தது கிரைண்டிங் மணி நேரம்): கப்ளிங் 6, 2, ஸ்லீவ் 4, 3, ஷாஃப்ட் 3, 6, பின் 1, 5. இதே வரிசையில் ஓட்டினால் 24 மணி நேரம். பின், ஷாஃப்ட், ஸ்லீவ், கப்ளிங் என்று மாற்றியதும் 17! புது மெஷின் இல்லை, கூடுதல் ஆள் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த விதி டெலிவரி தேதியைப் பார்க்காது. அவசர ஆர்டர் இருந்தால் அதைத் தனியாக முன்னால் எடுத்துவிடுகிறேன். வார்ப்பு வந்து சேராத வேலையையும் பலகையில் எழுதுவதில்லை. வார்ப்பு செய்து தரும் ஃபவுண்டரிக்கு முந்தின மாலையே போன் செய்து கேட்டுக்கொள்கிறேன்.