பழைய சொகுசுக் கார் விளம்பரத்தைப் படிப்பது எப்படி?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான சொகுசுக் கார் விளம்பரம் ஒன்று கையில் கிடைத்தால், அதில் சொல்லாமல் விட்டவற்றை முதலில் கவனியுங்கள். விலையும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம்; ஆனால் விலை அச்சாகியிருப்பதால் மட்டும் அதை மலிவு வண்டி என்று முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்கச் சொகுசுக் கார் நிறுவனங்களான பேக்கார்டும் காடிலாக்கும்கூட விலையை அச்சிட்டதுண்டு.

அடுத்து, படத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரத்து பியர்ஸ்-ஆரோ கார் நிறுவனம் தேர்ந்த ஓவியர்களைக் கொண்டு மாளிகை வாசலையும் உயர்குடிப் பெண்களின் உடைகளையும் வரையச் செய்தது. வண்டி பல படங்களில் ஓரமாகத்தான் நிற்கும். முகப்பு விளக்குகள் தனியாக நிற்காமல் மட்கார்டிலிருந்தே எழும்பியிருந்தால், 1914ஆம் ஆண்டு மாடல் முதல் அந்த நிறுவனத்தின் அடையாளமாகிவிட்ட வடிவம் அது. பெயரைப் படிக்காமலேயே வண்டியை இனம்காண அந்த விளக்கே போதும்.

படமே இல்லாவிட்டால் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். விளம்பர எழுத்தாளர் தியோடர் மக்மானஸ் எழுதி, 1915 ஜனவரி 2 தேதியிட்ட சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் இதழில் காடிலாக் வெளியிட்ட 'தி பெனால்டி ஆஃப் லீடர்ஷிப்' (முன்னிலையில் இருப்பதன் தண்டனை) என்ற விளம்பரம் இதற்குத் தலைசிறந்த சான்று. முன்னிலையில் இருப்பவரைப் பொறாமை துரத்தும் என்பதுதான் அதன் சாரம். காய்த்த மரம்தான் கல்லடி படும் என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடுவதை அவர் பத்தி பத்தியாக எழுதினார். வாசகத்தினுள் காரைப் பற்றியோ எஞ்சினைப் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. காடிலாக்கின் புதிய எட்டு சிலிண்டர் வண்டி தொடக்கக் கோளாறுகளால் விமர்சனத்துக்கு உள்ளாகியிருந்த நேரம் அது என்பதை அறிந்தவருக்கே அந்த மௌனத்தின் சாமர்த்தியம் புரியும். ஆகவே, விளம்பரம் வெளிவந்த மாதங்களில் அந்த நிறுவனத்துக்கு என்ன சிக்கல் இருந்தது என்று தேடிப் பார்க்காமல் வாசகத்தை மதிப்பிடாதீர்கள்.

எண்கள் வந்தால், அவற்றைச் சரிபார்த்தவர் யார் என்று கேளுங்கள். ரோல்ஸ்-ராய்ஸின் வெள்ளி வண்ண வண்டி 1907இல் 14,371 மைல் தடையின்றி ஓடியது பிரிட்டனின் கார் ஓட்டுநர் சங்கமான ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் என்பதால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

பழைய விளம்பரத்தை வாங்குவதற்கு முன் தாளைத் திருப்பிப் பாருங்கள். மக்மானஸின் விளம்பரத்தைப் பலர் கேட்டதால் காடிலாக்கே மறுஅச்சுகளை அனுப்பியது. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அது இதழிலிருந்து கிழித்த பக்கமாக இருக்க வாய்ப்பு குறைவு.